தோற்றவர் கேட்டால் மறுபடியும் ஓட்டெடுப்பா?

ஓட்டுப் போட்டாகிவிட்டது. எண்ணியும் ஆகிவிட்டது. ஒரு பக்கம் ஜெயித்தது. ஒரு பக்கம் தோற்றது. ஆனால் வித்தியாசம் மிகக் கொஞ்சம்.

தோற்றவர்கள் சும்மா இருப்பார்களா? "மறுபடியும் ஓட்டெடுப்பு நடத்து!" என்கிறார்கள்.

"அது எப்படி? ஒரு தடவை முடிந்தது முடிந்ததுதான்!" என்கிறார்கள், ஜெயித்தவர்கள்.

இந்த இருவரில் யார் சொல்வது நியாயம்?

இது வீண் வாதம் அல்ல. இந்த ஒரு கேள்வியால் பிரிட்டன் மூன்றரை ஆண்டுகள் தத்தளித்தது. இரண்டு பிரதம மந்திரிகள் பதவியை விட்டு இறங்கினார்கள். பாராளுமன்றம் இரவு பகலாகச் சண்டை போட்டது. லட்சக்கணக்கான மக்கள் ஊர்வலம் போனார்கள்.

வேறு பல நாடுகளும் இதே சிக்கலில் மாட்டின. சில நாடுகள் மறு ஓட்டெடுப்பு நடத்தின. சில நாடுகள் மறுத்தன. அந்தக் கதைகளைப் பார்த்தால் ஒரு தெளிவு பிறக்கும்.

தேர்தல் வேறு, ஓட்டெடுப்பு வேறு

தேர்தலில் மக்கள் ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் சரியில்லை என்றால், அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

பொது ஓட்டெடுப்பில் ஆள் கிடையாது. சின்னம் கிடையாது. ஒரே ஒரு கேள்விதான் உண்டு. "சம்மதமா? சம்மதம் இல்லையா?" என்று நாட்டு மக்கள் எல்லோரையும் கேட்பார்கள்.

இந்தியாவில் நாடு முழுவதற்குமாக இப்படி ஒரு ஓட்டெடுப்பு நடந்ததே இல்லை. ஆனால் கோவாவில் நடந்தது. மராட்டியத்துடன் சேருவதா, தனியாக இருப்பதா என்று 1967 ஜனவரியில் கோவா மக்களைக் கேட்டார்கள். தனியாக இருப்பதற்கே ஓட்டு அதிகம். வித்தியாசம் 34,021. அந்த முடிவு நிலைத்தது. 1987-ல் கோவா தனி மாநிலம் ஆயிற்று.

தேர்தலுக்கும் ஓட்டெடுப்புக்கும் இன்னொரு பெரிய வேற்றுமை உண்டு.

அடுத்த தேர்தல் சில ஆண்டுகளில் வந்தே தீரும். அது எல்லோருக்கும் தெரியும். ஆகவே, தோற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

அடுத்த ஓட்டெடுப்பு எப்போது? அது யாருக்கும் தெரியாது. தகராறு பிறப்பது அங்கேதான்.

பிரிட்டனில் நடந்தது

1973-ம் ஆண்டில் பிரிட்டன் ஐரோப்பிய பொதுச் சந்தையில் சேர்ந்தது. "சேர்ந்தது சரிதானா? தொடர்ந்து இருக்கலாமா?" என்று 1975-ல் மக்களைக் கேட்டார்கள். 67 சதவீதம் பேர் "இருக்கலாம்" என்றார்கள்.

அந்தச் சந்தை வளர்ந்தது. பிறகு அது ஐரோப்பிய கூட்டமைப்பு ஆயிற்று. கூட்டமைப்பில் உள்ள எந்த நாட்டுக்காரரும் எந்த நாட்டிலும் போய் வேலை பார்க்கலாம். சரக்குகளுக்குச் சுங்கம் கிடையாது. பல சட்டங்கள் எல்லா நாடுகளுக்கும் பொது.

இது பலருக்குப் பிடித்தது. பலருக்குப் பிடிக்கவில்லை. "நம் நாட்டுச் சட்டத்தை நாமே செய்ய வேண்டாமா? வெளியிலிருந்து இத்தனை பேர் வந்து குடியேறலாமா?" என்று ஒரு கூட்டம் கேட்டது.

கடைசியில், பிரதம மந்திரி டேவிட் கேமரூன் பொது ஓட்டெடுப்புக்கு ஏற்பாடு செய்தார். 2016 ஜூன் 23-ந் தேதி மக்கள் ஓட்டுப் போட்டார்கள்.

முடிவு இது:

விலக வேண்டும் என்றவர்கள் 1 கோடியே 74 லட்சத்து 10 ஆயிரத்து 742 பேர்.

இருக்க வேண்டும் என்றவர்கள் 1 கோடியே 61 லட்சத்து 41 ஆயிரத்து 241 பேர்.

அதாவது நூற்றுக்கு 52 பேர் ஒரு பக்கம். 48 பேர் மறு பக்கம்.

ஊருக்கு ஊர் முடிவு வேறுபட்டது. இங்கிலாந்தும் வேல்சும் "விலகு" என்றன. ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் "இரு" என்றன. வயதானவர்களில் பெரும்பாலோர் விலகச் சொன்னார்கள். இளைஞர்களில் பெரும்பாலோர் இருக்கச் சொன்னார்கள்.

மறுநாள் காலையிலேயே கேமரூன் ராஜினாமா முடிவை அறிவித்தார். விலக வேண்டாம் என்பது அவர் கட்சி.

மனுவில் ஒரு வேடிக்கை

"மறு ஓட்டெடுப்பு வேண்டும்" என்ற மனுவில் சில நாட்களுக்குள் லட்சக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தக் கையெழுத்து 41 லட்சத்தைத் தாண்டியது.

மனுவின் கோரிக்கை இதுதான்: 75 சதவீதம் பேர் ஓட்டுப் போடாமல், ஜெயித்த பக்கத்துக்கும் 60 சதவீத ஓட்டு கிடைக்காவிட்டால், ஓட்டெடுப்பை மீண்டும் நடத்த வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த மனுவை முதலில் எழுதியவர், விலக வேண்டும் என்ற கட்சிக்காரர்! ஓட்டெடுப்புக்கு முன்பே எழுதிவிட்டார். தன் பக்கம் தோற்றுவிடும் என்று எண்ணி, அதற்காக எழுதி வைத்தார். ஆனால் அவர் பக்கம் ஜெயித்துவிட்டது. எதிர்ப் பக்கத்தார் அந்த மனுவை எடுத்துக்கொண்டார்கள்!

விலக வேண்டும் என்று முன்னின்று பேசிய தலைவர் நைஜல் பராஜ். 2016 மே மாதத்தில் அவர் ஒன்று சொல்லியிருந்தார். 52-க்கு 48 என்ற கணக்கில் தன் பக்கம் தோற்றால், விஷயம் முடிந்துவிட்டதாகக் கருத முடியாது என்பது அவர் பேச்சு. அவர் சொன்ன கணக்கு அப்படியே பலித்தது. ஆனால் ஜெயித்தது அவர் பக்கம்!

இதிலிருந்து தெரிவது என்ன? "வித்தியாசம் கொஞ்சம், ஆகவே மறுபடி நடத்து" என்பதைத் தோற்றவர்தான் சொல்வார். அவரே ஜெயித்திருந்தால் சொல்லமாட்டார்.

ஆகவே, வித்தியாசம் குறைவு என்பது மட்டும் மறு ஓட்டெடுப்புக்குக் காரணம் ஆகாது. ஓட்டெடுப்புக்கு முன்பே, "இத்தனை சதவீதம் வேண்டும்" என்று விதி செய்திருந்தால் அது வேறு. பிரிட்டன் அப்படி விதி செய்யவில்லை. மனுவைப் பாராளுமன்றத்தில் விவாதித்தார்கள். அரசாங்கம் மறுத்துவிட்டது.

இரண்டு பக்க நியாயம்

ஆனாலும் மறு ஓட்டெடுப்பு கேட்டவர்களின் பேச்சில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது.

"பொய்ப் பிரசாரம் நடந்தது" என்றார்கள் அவர்கள். விலகினால் வாரத்துக்கு 35 கோடி பவுண்டு மிச்சம் என்ற பொருள்பட ஒரு பஸ்சில் எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள். கூட்டமைப்பிடமிருந்து பிரிட்டனுக்குத் திரும்பி வரும் பணத்தை அதில் கழிக்கவில்லை.

எதிர்ப் பக்கமும் சளைக்கவில்லை. "விலகச் சொல்லி ஓட்டுப் போட்டாலே போதும், உடனே பொருளாதாரம் சரியும், லட்சக்கணக்கானவர்களுக்கு வேலை போகும்" என்று நிதி இலாகா பயமுறுத்தியது. ஓட்டெடுப்பு நடந்த உடனே அப்படி எதுவும் நடக்கவில்லை.

"பாதிக்கப்படுகிறவர்களுக்கு ஓட்டு இல்லை" என்பது இன்னொரு குறை. பிரிட்டனில் குடியிருந்த பிரெஞ்சுக்காரருக்கும் போலந்துக்காரருக்கும் ஓட்டு இல்லை. ஐரோப்பாவில் 15 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த பிரிட்டிஷ்காரருக்கும் ஓட்டு இல்லை. ஆனால் பிரிட்டனில் குடியிருந்த இந்தியக் குடிமக்களுக்கும் இலங்கைக் குடிமக்களுக்கும் ஓட்டு இருந்தது! காமன்வெல்த் நாட்டார் என்பதால் கிடைத்த உரிமை இது. லண்டனில் வாழும் தமிழர்கள் பலர் இந்த உரிமைக்குள் வருவார்கள்.

இனி, வேண்டாம் என்றவர்களின் வாதத்தைப் பார்ப்போம்.

"நீங்கள் எடுக்கும் முடிவை அரசாங்கம் நிறைவேற்றும்" என்று அரசாங்கமே வீட்டுக்கு வீடு துண்டுப் பிரசுரம் அனுப்பியது. அதை நம்பி, அதுவரை ஓட்டுச்சாவடிப் பக்கமே போகாதவர்களும் வந்து ஓட்டுப் போட்டார்கள். "நீங்கள் போட்டது செல்லாது, மறுபடி வாருங்கள்" என்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? "பெரிய மனிதர்களுக்குப் பிடித்த பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள்" என்றுதானே நினைப்பார்கள்!

இரண்டாவது தடவை முடிவு மாறினால், மூன்றாவது தடவை நடத்தச் சொல்வார்கள். இதற்கு முடிவே இராது.

இரண்டு பக்கமும் நியாயம் இருப்பது போலத் தோன்றுகிறது அல்லவா? மற்ற நாடுகள் எப்படி முடித்தன என்று பார்ப்போம்.

டென்மார்க்கும் அயர்லாந்தும்

ஐரோப்பிய கூட்டமைப்பை உண்டாக்கும் ஒப்பந்தத்தை ஏற்பதா என்று 1992 ஜூனில் டென்மார்க்கில் ஓட்டெடுப்பு நடந்தது. 50.7 சதவீதம் பேர் "வேண்டாம்" என்றார்கள். மயிரிழை வித்தியாசம்.

டென்மார்க் அரசாங்கம் உடனே மறு ஓட்டெடுப்பு நடத்தவில்லை. மற்ற நாடுகளிடம் போய்ப் பேசியது. பொது நாணயம் வேண்டாம், பொது ராணுவ ஏற்பாட்டில் சேரமாட்டோம் என்பது போல நான்கு விலக்குகளை வாங்கி வந்தது. அதன் பிறகே, 1993 மே மாதத்தில் மக்களைக் கேட்டது. 56.7 சதவீதம் பேர் "சரி" என்றார்கள்.

அப்போதும் எல்லோருக்கும் திருப்தி இல்லை. அன்று இரவு தலைநகர் கோபன்ஹேகனில் பெரும் கலகம் மூண்டது. போலீசார் துப்பாக்கியால் சுட்டார்கள். 11 பேர் குண்டடி பட்டார்கள். அமைதிக்குப் பெயர் போன நாட்டில் இது நடந்தது!

அயர்லாந்து இரண்டு முறை இப்படிச் செய்தது. அங்கே அரசியல் சட்டத்தை மாற்ற, மக்களின் ஓட்டு கட்டாயம் வேண்டும்.

2001-ல் ஒரு ஐரோப்பிய ஒப்பந்தத்தை ஐரிஷ் மக்கள் தள்ளினார்கள். ஆனால் ஓட்டுப் போட வந்தவர்கள் 35 சதவீதம் பேர்தான். "எந்த ராணுவக் கூட்டிலும் அயர்லாந்து சேராது" என்ற உறுதியுடன் 2002-ல் மறுபடி கேட்டார்கள். ஏறக்குறைய 50 சதவீதம் பேர் வந்தார்கள். 62.9 சதவீத ஓட்டு ஆதரவாக விழுந்தது.

2008-ல் வேறு ஒரு ஒப்பந்தத்தையும் மக்கள் தள்ளினார்கள். "கூட்டமைப்பின் நிர்வாகக் குழுவில் உங்கள் நாட்டுக்கு ஓர் இடம் உண்டு, உங்கள் வரி விஷயத்தில் தலையிடமாட்டோம்" என்று மற்ற நாடுகள் உறுதி கொடுத்தன. 2009-ல் மறுபடி கேட்டார்கள். 67.1 சதவீதம் பேர் ஏற்றார்கள்.

இந்த மூன்று மறு ஓட்டெடுப்புகளிலும் ஒரு பொது அம்சம் உண்டு. இரண்டாவது தடவை மக்கள் முன் வைத்தது பழைய சரக்கு அல்ல. ஏதோ ஒன்று மாறியிருந்தது. "முன்பு இதற்காகத்தானே வேண்டாம் என்றீர்கள்? அதைச் சரி செய்துவிட்டோம். இப்போது என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். ஜெயித்தவர்களின் குறையைக் காதில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகே கேட்டார்கள்.

9,114 ஓட்டு

இதே அயர்லாந்தில் இன்னொரு கதையும் உண்டு. குடும்பங்களைப் பற்றிய கதை.

அங்கே விவாகரத்துக்கு அரசியல் சட்டம் இடம் கொடுக்கவில்லை. கணவனும் மனைவியும் எத்தனை ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்தாலும், மறுமணம் செய்துகொள்ள முடியாது. இதை மாற்றலாமா என்று 1986-ல் கேட்டார்கள். மக்கள் பெரும் வித்தியாசத்தில் மறுத்தார்கள். 1995 நவம்பரில் மறுபடி கேட்டார்கள்.

16 லட்சம் பேருக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள். விவாகரத்தை அனுமதிக்கலாம் என்ற பக்கம் ஜெயித்தது. வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? வெறும் 9,114 ஓட்டு!

தோற்றவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்கள் கையில் பலமான ஆதாரமும் இருந்தது. ஓட்டெடுப்பில் அரசாங்கம் பொதுப்பணத்தைச் செலவு செய்து ஒரு பக்கத்துக்குப் பிரசாரம் செய்தது. அது தவறு என்று ஓட்டெடுப்புக்குச் சில நாள் முன்பு சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லியிருந்தது.

ஆனாலும் முடிவை ரத்து செய்ய கோர்ட்டு மறுத்தது. அந்தப் பிரசாரம்தான் முடிவை மாற்றியது என்று நிரூபிக்கப்படவில்லை என்பது காரணம். 9,114 ஓட்டில் கிடைத்த முடிவு சட்டம் ஆயிற்று.

பிறகு நடந்தது என்ன? 2019-ல் விவாகரத்து விதிகளைத் தளர்த்தலாமா என்று அயர்லாந்து மக்களைக் கேட்டார்கள். 82 சதவீதம் பேர் "தளர்த்தலாம்" என்றார்கள். அன்று நாட்டை இரண்டாகப் பிளந்த விஷயம், 24 ஆண்டுகளில் சாதாரண விஷயம் ஆகிவிட்டது. குறைந்த வித்தியாசத்தில் கிடைத்த முடிவும் நாளடைவில் வேரூன்றும் என்பதற்கு இது சாட்சி.

ஒரு மாகாணத்தின் கதை

கனடா நாட்டில் கியூபெக் என்பது பிரெஞ்சு மொழி பேசும் மாகாணம். தனி நாடாகப் பிரியலாமா என்று அங்கே 1995 அக்டோபரில் ஓட்டெடுப்பு நடந்தது. 93 சதவீதத்துக்கு மேல் ஓட்டுப் பதிவு!

பிரிய வேண்டாம் என்ற பக்கம் ஜெயித்தது. வித்தியாசம் 54,288 ஓட்டு. செல்லாத ஓட்டோ 86 ஆயிரத்துக்கு மேல்!

1980-ல் ஒரு தடவை கேட்டு, 1995-ல் மறு தடவை கேட்டாயிற்று. மூன்றாவது தடவை வந்தால் என்ன செய்வது? கனடா நாட்டு சுப்ரீம் கோர்ட்டு 1998-ல் வழி சொன்னது. "கேள்வி தெளிவாக இருக்க வேண்டும், மெஜாரிட்டியும் தெளிவாக இருக்க வேண்டும்" என்றது. அதை ஒட்டி 2000-ல் ஒரு சட்டமும் செய்தார்கள். தகராறு வருவதற்கு முன்பே வரம்பு கட்டியது புத்திசாலித்தனம்.

தவறான கணக்கு

பொய்யான தகவலைக் கேட்டு மக்கள் ஓட்டுப் போட்டிருந்தால்?

சுவிட்சர்லாந்தில் அப்படி ஒன்று நடந்தது. கல்யாணம் ஆனவர்கள் கூடுதல் வரி கட்ட வேண்டியிருப்பதை மாற்றலாமா என்று 2016 பிப்ரவரியில் ஓட்டெடுப்பு வைத்தார்கள். இரண்டு பேரும் சம்பாதிக்கும் தம்பதிகளில் 80 ஆயிரம் பேருக்குத்தான் இந்தக் கஷ்டம் என்று அரசாங்கம் சொன்னது. 50.8 சதவீதம் பேர் மாற்றம் வேண்டாம் என்றார்கள்.

பிறகு உண்மை வெளிவந்தது. கஷ்டப்பட்ட தம்பதிகள் 80 ஆயிரம் அல்ல. 4 லட்சத்து 54 ஆயிரம்!

2019 ஏப்ரலில் அந்த நாட்டு உச்ச கோர்ட்டு ஓட்டெடுப்பையே ரத்து செய்தது. நாடு தழுவிய ஓட்டெடுப்பு ஒன்றைக் கோர்ட்டு ரத்து செய்தது அதுவே முதல் தடவை.

இதைக் கவனிக்க வேண்டும். தவறான கணக்கைக் கொடுத்தது அரசாங்கம். வித்தியாசமும் கொஞ்சம். இரண்டும் சேர்ந்ததால் கோர்ட்டு ரத்து செய்தது. வித்தியாசம் கொஞ்சம் என்பதற்காக மட்டும் ரத்து செய்யவில்லை. தீர்ப்புச் சொன்னதும் தோற்ற கட்சி அல்ல, நடுநிலையான கோர்ட்டு.

மக்கள் "வேண்டாம்" என்றபோது

தென் அமெரிக்காவில் கொலம்பியா என்ற நாடு உண்டு. அங்கே 52 ஆண்டுகளாக உள்நாட்டுச் சண்டை. கலகக்காரருடன் அரசாங்கம் சமாதான ஒப்பந்தம் செய்தது. 2016 அக்டோபரில் மக்களிடம் ஓட்டுக் கேட்டது.

50.2 சதவீதம் பேர் "இந்த ஒப்பந்தம் வேண்டாம்" என்றார்கள். வித்தியாசம் 54 ஆயிரம் ஓட்டுக்கும் குறைவு. ஓட்டுப் போட வந்தவர்களோ 38 சதவீதத்துக்கும் குறைவு.

அரசாங்கம் எதிர்த்தவர்களைக் கூப்பிட்டுப் பேசியது. ஒப்பந்தத்தைத் திருத்தியது. ஆனால் மறுபடி மக்களைக் கேட்கவில்லை. பாராளுமன்றத்தில் நிறைவேற்றிவிட்டது. சண்டையை நிறுத்த அது உதவியது. ஆனால் "மக்கள் வேண்டாம் என்றதைப் பின் வாசல் வழியாகக் கொண்டுவந்தார்கள்" என்ற பழிச்சொல்லும் வந்தது. கேட்டுவிட்டு, பதிலை ஒதுக்கினால் கெட்ட பெயர் தப்பாது.

பாகப்பிரிவினை

இப்போது மறுபடி பிரிட்டனுக்கு வருவோம்.

ஒரு கூட்டுக் குடும்பம். தம்பி, "பாகம் பிரித்துக்கொண்டு போகிறேன்" என்கிறான். போகலாமா வேண்டாமா என்று தன் மனைவி மக்களைக் கேட்கிறான். "போகலாம்" என்கிறார்கள். ஆனால் எந்த நிலம் கிடைக்கும், கடனில் எவ்வளவு தலையில் விழும், பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கலாமா என்று அப்போது ஒன்றும் தெரியாது. அதெல்லாம் பத்திரம் எழுதும்போதுதான் தெரியும்.

பிரிட்டனிலும் இதுதான் நடந்தது. "விலகலாமா?" என்று 2016-ல் கேட்டார்கள். "எப்படி விலகுவது?" என்று கேட்கவில்லை.

பத்திரம் எழுதும்போது சிக்கல் வந்தது. அயர்லாந்து தனி நாடு. அது கூட்டமைப்பில் இருக்கிறது. வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவே வேலி போட்டால் பழைய சண்டை கிளம்பும். வேலி போடாவிட்டால் சுங்கச் சோதனையை எங்கே நடத்துவது? இதற்கு விடை காண முடியாமல் பிரதம மந்திரி தெரசா மே திண்டாடினார்.

அவர் கொண்டுவந்த ஒப்பந்தத்தைப் பாராளுமன்றம் 2019-ல் மூன்று தடவை தள்ளியது. முதல் தடவை 432 பேர் எதிர்ப்பு. 202 பேர் ஆதரவு. பாராளுமன்றத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கலாம். மக்களை ஒரு தடவைக்கு மேல் கேட்கக்கூடாதா என்று சிலர் கேட்டார்கள்.

12 ஓட்டில் தவறிய வாய்ப்பு

அந்தச் சமயத்தில் நியாயமான ஒரு யோசனை வந்தது. "ஒப்பந்தம் எழுதியாகிவிட்டது. இதை மக்கள் முன் வையுங்கள். சம்மதமா என்று கேளுங்கள்" என்பது அந்த யோசனை.

இது பழைய ஓட்டெடுப்பை ரத்து செய்வது அல்ல. முதலில் "பிரியலாமா?" என்று கேட்டாயிற்று, இப்போது "இந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்பது. டென்மார்க்கும் அயர்லாந்தும் போன வழி போன்றது.

2019 ஏப்ரல் 1-ந் தேதி பாராளுமன்றத்தில் ஓட்டெடுத்தார்கள். ஆதரவு 280, எதிர்ப்பு 292. வெறும் 12 ஓட்டில் யோசனை தோற்றது.

தெரசா மே பதவி விலகினார். போரிஸ் ஜான்சன் வந்தார். டிசம்பர் 12-ந் தேதி பொதுத்தேர்தல் நடந்தது. "விலகியே தீருவோம்" என்றார் ஜான்சன். "ஆறு மாதத்தில் மறு ஓட்டெடுப்பு" என்றது தொழிற்கட்சி. ஜான்சன் கட்சிக்கு 365 இடம். தொழிற்கட்சிக்கு 202 இடம்.

இதிலும் ஒரு தகராறு உண்டு. ஜான்சன் கட்சிக்குக் கிடைத்த ஓட்டு 43.6 சதவீதம்தான். மறு ஓட்டெடுப்பை ஆதரித்த கட்சிகளின் ஓட்டை எல்லாம் கூட்டினால் பாதிக்குச் சற்று மேலே வரும். ஆனால் அந்தக் கட்சிகள் ஒன்று சேரவில்லை. பாராளுமன்றத்தில் இடம் யாருக்கு அதிகமோ, அவர்களுக்கே ஆட்சி. அதுதான் அந்த நாட்டு விதி.

2020 ஜனவரி 31-ந் தேதி பிரிட்டன் விலகியது.

முன்பே விதி செய்தால்

இத்தனை கதைகளிலும் தகராறு வந்த இடம் ஒன்றுதான். ஆட்டம் முடிந்த பிறகு விதியைப் பற்றிப் பேசினார்கள்.

முன்பே விதி செய்த நாடுகள் உண்டு.

ஆஸ்திரேலியாவில் அரசியல் சட்டத்தை மாற்ற, நாடு முழுவதிலும் மெஜாரிட்டி வேண்டும். ஆறு மாநிலங்களில் நான்கிலும் மெஜாரிட்டி வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த விதி. ஆகவே, தோற்றவர்கள் விதியைக் குறை சொல்வதில்லை.

நியூசிலாந்தில் தேர்தல் முறையை மாற்ற இரண்டு கட்டமாக ஓட்டெடுப்பு வைத்தார்கள். 1992-ல், "மாற்றம் வேண்டுமா? வேண்டும் என்றால் எந்த முறை?" என்று கேட்டார்கள். 1993-ல், "பழைய முறையா, நீங்கள் பொறுக்கிய இந்தப் புது முறையா?" என்று கேட்டார்கள். இரண்டாவது ஓட்டெடுப்பு உண்டு என்பது முன்பே தெரியும். ஆகவே, "ஏமாற்றிவிட்டார்கள்" என்று யாரும் கூச்சல் போட இடமில்லை.

எல்லாவற்றையும்விட நல்ல உதாரணம் வட அயர்லாந்தில் இருக்கிறது. அது பிரிட்டனுடன் இருப்பதா, அயர்லாந்துடன் சேருவதா என்பது ரத்தம் சிந்திய தகராறு. 1998-ல் சமாதானம் ஏற்பட்டது. அதை ஒட்டி ஒரு சட்டம் செய்தார்கள். இந்தக் கேள்விக்கு ஓட்டெடுப்பு நடத்தலாம். ஆனால் ஒரு ஓட்டெடுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே குறைந்தது ஏழு ஆண்டுகள் இடைவெளி வேண்டும் என்று எழுதி வைத்தார்கள்.

ஏழு ஆண்டு! ஜெயித்தவருக்கு மூச்சு விட நேரம் உண்டு. தோற்றவருக்கும் நம்பிக்கை உண்டு. அதே பிரிட்டிஷ் பாராளுமன்றம்தான் இந்தச் சட்டத்தைச் செய்தது. 2016 ஓட்டெடுப்புக்கு மட்டும் இப்படி ஒரு வரி எழுதாமல் விட்டுவிட்டது.

இனி என்ன?

பிரிட்டனில் பலர் இப்போது மனம் மாறிவிட்டார்கள். விலகியது தவறு என்று சொல்பவர்கள் அதிகம் என்று கருத்துக் கணிப்புகள் காட்டின. ஆனால் 2024 தேர்தலில் ஜெயித்த தொழிற்கட்சி, மீண்டும் சேரும் பேச்சு இல்லை என்று சொல்லித்தான் ஓட்டு வாங்கியது.

இனிமேல் ஓட்டெடுப்பு நடந்தால், அது 2016 ஓட்டெடுப்பின் மறு பதிப்பு அல்ல. அன்றைய கேள்வி, "இருப்பதா, போவதா?" இனி வரும் கேள்வி, "திரும்பச் சேருவதா?" என்பது. பிரிட்டன் தன் பவுண்டு நாணயத்தை வைத்துக்கொண்டு, சந்தாவில் சலுகையும் பெற்று வந்தது. அந்தப் பழைய சலுகைகள் திரும்பக் கிடைக்குமா? கூட்டமைப்பு நாடுகள் அத்தனையும் சம்மதிக்க வேண்டும். பாகம் பிரித்துப் போன தம்பி திரும்பி வந்தால், பழைய அறையே கிடைக்கும் என்று சொல்ல முடியுமா?

1975-ல் "இரு" என்ற மக்கள்தான், 41 ஆண்டு கழித்து, "விலகு" என்றார்கள். ஆகவே, ஒரு தடவை சொன்னதை மக்கள் மாற்றவே கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. அந்த உரிமை அவர்களுக்கு எப்போதும் உண்டு.

ஆனால் ஓட்டு எண்ணி முடித்த மறுநாளே, வித்தியாசம் குறைவு என்று சொல்லி மறுபடி நடத்தச் சொன்னால், அது ஓட்டுப் போட்டவரை அவமதிப்பது ஆகும்.

மறுபடி கேட்கலாம். அதற்கு மூன்றில் ஒரு காரணம் வேண்டும். மக்கள் முன் வைக்கும் ஏற்பாடு மாறியிருக்க வேண்டும். அல்லது, முடிவையே மாற்றும் அளவுக்குத் தவறு நடந்ததாகக் கோர்ட்டு சொல்ல வேண்டும். அல்லது, ஒரு தலைமுறை வளர்ந்து நாடே மாறியிருக்க வேண்டும்.

எந்த நாடாவது இனி இப்படி ஓட்டெடுப்பு நடத்த நினைத்தால், மூன்று விஷயங்களை முதலிலேயே சட்டத்தில் எழுதி வைப்பது நல்லது. எத்தனை சதவீதம் வந்தால் ஜெயம்? நிபந்தனைகள் தெரிந்த பிறகு மக்களை இன்னொரு தடவை கேட்பது உண்டா? அடுத்த ஓட்டெடுப்புக்கு எத்தனை ஆண்டு இடைவெளி?

யார் ஜெயிப்பார் என்று தெரிவதற்கு முன்பே இதை எழுதிவிட வேண்டும். அப்போதுதான் இரண்டு பக்கமும் மனம் ஒப்பிக் கையெழுத்துப் போடுவார்கள்.